அயனிகளை உள்ளே விட்ட விளக்கு

மின்னணுச் சாதனங்களைச் செய்யும் தொழிலில் அயனி என்பது நெடுங்காலமாக விலக்கி வைக்கப்பட்ட ஒன்று. மின்னூட்டம் பெற்ற அணுவோ மூலக்கூறோ அயனி எனப்படுகிறது. அது எலக்ட்ரானைப் போல விரைந்து ஓடாமல், திடப்பொருளுக்குள் மெல்ல நகர்ந்து, போய்ச் சேரும் இடத்தில் மின்புலத்தையே மாற்றிவிடுவதால், 1960களில் சிலிக்கான் டிரான்சிஸ்டர்களைச் செய்தவர்கள் மனித வியர்வையில் உள்ள சோடியத்தைக்கூட எதிரியாகக் கருதிப் போராட வேண்டியிருந்தது. ஓஎல்இடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கரிம ஒளியுமிழ் டையோடும் அந்த மரபிலேயே வளர்ந்தது. கார்பனை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறுகளின் மெல்லிய படலத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சி ஒளி பெறும் இச்சாதனத்தில், படலம் எந்த அளவு தூய்மையாக இருக்கிறதோ அந்த அளவுக்கு ஆயுள் கூடும் என்பது தொழிற்சாலைகள் பட்டறிந்த உண்மை. ஆயினும் இதே துறைக்குள், 1990களின் நடுவிலிருந்து, அயனிகளை வேண்டுமென்றே படலத்துக்குள் வைத்து, அவற்றின் நகர்வையே கருவியாக்கிக்கொண்ட இன்னொரு கைத்திறனும் வளர்ந்து வந்திருக்கிறது. ருத்தீனியம், இரிடியம், செம்பு ஆகிய உலோகங்களின் அயனி அணைவுச் சேர்மங்களைச் சுற்றி உருவான அந்த மரபு, கைப்பேசித் திரையின் வரலாற்றில் ஓரிரு வரிகளுக்குள் அடக்கப்பட்டுவிடுகிறது. இந்தக் கவனம் போதாது. உலோகத்திலிருந்து கரிமப் பொருளுக்குள் மின்னூட்டத்தை எப்படி நுழைப்பது என்பது ஓஎல்இடியின் தொடக்க நாள் முதல் இருந்துவரும் சிக்கல். அதற்குக் கிடைத்த விடைகளில் மிக எளியது இந்த மரபிலிருந்தே வந்தது.

திடப்பொருளில் மின்சாரம் பாய்ந்து ஒளி பிறப்பதை 1907இல் மார்க்கோனியின் உதவியாளராக இருந்த ஹென்றி ரவுண்டு சிலிக்கான் கார்பைடு படிகத்தில் கண்டு குறித்தார். 1920களில் ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கொரோது வானொலி ஆய்வகத்தில் ஒலெக் லோசெவ் அதையே முறையாக ஆராய்ந்தார். இவை கனிமப் பொருள்களின் கதை. கரிமப் பொருள்களில் அந்த ஒளியை முதலில் பெற்றவர் பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே பெர்னானோஸ். அவர் 1950களின் தொடக்கத்தில் சாயமேற்றிய செல்லுலோஸ் படலங்களின் மீது உயர்ந்த மாறுதிசை மின்னழுத்தத்தைச் செலுத்தி ஒளிர்வைக் கண்டார். 1963இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பும் அவருடைய தோழர்களும் ஆந்திரசீன் என்னும் கரிமப் படிகத்தில் நேர்திசை மின்சாரத்தால் நீல ஒளியை எழுப்பினர். அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. ஒளியோ மங்கலாகவே இருந்தது.

இவ்வளவு அழுத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும். ஒளி பிறக்க வேண்டுமானால் ஒரு முனையிலிருந்து எலக்ட்ரானும், மறுமுனையிலிருந்து, எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் குறிக்கும் ‘துளை’யும் பொருளுக்குள் நுழைந்து, வழியில் சந்தித்து, ஒரே மூலக்கூறில் இணைய வேண்டும். அந்த இணைப்பில் மூலக்கூறு கிளர்வுநிலை அடைகிறது. அது இயல்புநிலைக்குத் திரும்பும்போது மிகும் ஆற்றலை ஒளியாக விடுகிறது. ஆனால் உலோக மின்வாயில் எலக்ட்ரான் இருக்கும் ஆற்றல் மட்டமும், கரிம மூலக்கூறு அதை ஏற்கக்கூடிய மட்டமும் பொருந்துவதில்லை. இடையில் உள்ள இந்த ஏற்றம், நுழைவாயிலில் போடப்பட்ட தடை. தடையைத் தாண்டப் பெரும் மின்னழுத்தம் வேண்டும், அல்லது தடையையே தாழ்த்த வேறு வழி வேண்டும்.

அந்த வேறு வழியை 1965இலேயே ஒருவகையில் கையாண்டவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஹெல்ஃப்ரிக்கும் ஷ்னைடரும். அவர்கள் ஆந்திரசீன் படிகத்தின் இரு பக்கங்களிலும் உலோகத்தை ஒட்டாமல், ஒரு பக்கம் ஆந்திரசீனின் நேர் அயனிகளும் மறுபக்கம் அதன் எதிர் அயனிகளும் கரைந்த திரவங்களை மின்வாய்களாக வைத்தனர். எலக்ட்ரானும் துளையும் அயனிகளின் வழியே எளிதாகப் படிகத்துக்குள் இறங்கின. திரவம் நிரம்பிய சாதனத்தைக் கடையில் விற்க முடியாது என்பதால் அந்த முறை ஆய்வகத்தோடு நின்றுவிட்டது. ஆனால் வாயிலில் நிற்கும் அயனி தடையைத் தாழ்த்தும் என்ற உண்மை அப்போதே வெளிப்பட்டிருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதை நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

தொழிலின் பெருவழி வேறு திசையில் சென்றது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் 1975இல் சேர்ந்த சிங் டாங், கரிமச் சூரிய மின்கலங்களில் உழைத்த அனுபவத்தோடு, ஸ்டீவன் வான் ஸ்லைக்குடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய ஓஎல்இடியின் பிறப்புச் சான்று எனலாம். ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியின் மேல், துளைகளைக் கடத்தும் ஒரு படலமும் எலக்ட்ரான்களைக் கடத்தி ஒளியும் உமிழும் இன்னொரு படலமும் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஒரு மைக்ரோமீட்டரின் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பத்து வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் சதுர மீட்டருக்கு 1000 கேண்டலாவைத் தாண்டிய பச்சை ஒளி கிடைத்தது. செலுத்தப்பட்ட எலக்ட்ரான்களில் நூற்றுக்கு ஒன்று வெளியே வரும் ஒளித்துகளாயிற்று. ஒளிர்ந்த பொருள் அலுமினியத்தின் அணைவுச் சேர்மம். மைய உலோக அணு ஒன்றைச் சுற்றி, ‘ஈனி’ எனப்படும் கரிம மூலக்கூறுகள் தம் எலக்ட்ரான்களைக் கொடுத்துப் பற்றிக்கொண்டிருக்கும் அமைப்பே அணைவுச் சேர்மம். கோடாக்கின் சேர்மத்தில் அலுமினியத்தின் நேர்மின்னூட்டமும் மூன்று ஈனிகளின் எதிர்மின்னூட்டமும் சரிக்குச் சரியாக நீங்கிவிடுவதால் மொத்த மூலக்கூறு நடுநிலையானது. ஆகவே சூடாக்கினால் சிதையாமல் ஆவியாகும். நடுநிலை மூலக்கூறு, வெற்றிட ஆவியாக்கம் என்ற இந்த இணை, துறையின் போக்கையே பின்னர் தீர்மானித்தது.

வாயில் தடையை டாங் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் மெக்னீசியத்தை, சிறிதளவு வெள்ளியோடு கலந்து, எதிர்மின்வாயாக வைத்துச் சமாளித்தார். 1990இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃப்ரெண்ட் ஆகியோர் பலபடி எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளிலிருந்து ஒளி பெற்ற பிறகு அந்த வழியில் வந்தவர்கள் கால்சியத்தையும் நாடினர். எலக்ட்ரானை எளிதில் விடும் உலோகம் காற்றிலும் ஈரத்திலும் எளிதில் கெடும். ஆகவே முழுச் சாதனத்தையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டியதாயிற்று. ஓஎல்இடியின் விலையை இந்தக் காவலும் கூட்டியது. கோடாக் நிறுவனத்தினர் 1997இல் அலுமினியத்துக்கும் கரிமப் படலத்துக்கும் இடையே ஒரு நானோமீட்டர் அளவுக்கு லித்தியம் ஃபுளோரைடைப் படியவைத்தபோது எலக்ட்ரான் நுழைவு பெரிதும் எளிதாயிற்று. அது ஓர் உப்பு. பெருவழியே உப்பின் உதவியை நாடியது இங்கே கவனிக்கத்தக்கது.

அயனி மரபின் வேர் கண்ணாடிக் குடுவைகளில் இருக்கிறது. பைபிரிடின் என்னும் இரட்டை வளைய ஈனிகள் மூன்று, ருத்தீனியம் அணுவை ஆறு இடங்களில் பற்றிக்கொண்டிருக்கும் சேர்மத்தை 1936இல் பர்ஸ்டல் தயாரித்தார். இதில் ருத்தீனியம் இரண்டு நேர்மின்னூட்டம் கொண்டது, ஈனிகளோ நடுநிலையானவை. ஆதலால் முழு அணைவும் ஒரு பெரிய நேர் அயனியாக நிற்கிறது, அதை ஈடுசெய்யக் குளோரைடு போன்ற எதிர் அயனிகள் உடன் வருகின்றன. அது உப்பு, நீரில் கரைந்து ஆரஞ்சு நிறக் கரைசலைத் தரும். 1959இல் பாரிஸ், பிரான்ட் என்னும் இரு வேதியியலாளர்கள் அது ஒளிர்வதை அறிவித்தனர். 1972இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் பார்டும் டோக்கலும் அச்சேர்மத்தின் கரைசலில் மின்வாய்களை அமிழ்த்தி, ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை எடுத்தும் இன்னொன்றுக்குக் கொடுத்தும், அவ்விரண்டும் கரைசலில் சந்திக்கும்போது ஆரஞ்சு ஒளி பிறப்பதைக் காட்டினர். மின்வேதி ஒளிர்வு என்று பெயர் பெற்ற இந்நிகழ்வு பின்னர் மருத்துவத்துக்குள் சென்றது. இன்று மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ தைராய்டு பரிசோதனை அறிக்கையில் ‘இசிஎல்ஐஏ’ என்று முறை குறிக்கப்பட்டிருந்தால், அங்கே அளவுகாட்டியாக ஒளிர்ந்தது பெரும்பாலும் இந்த ருத்தீனியச் சேர்மமே. ஒரே மூலக்கூறு விளக்காகவும் நோய்காட்டியாகவும் இருமடி வாழ்வு வாழ்ந்திருக்கிறது. அதன் இரண்டாம் வாழ்வே மக்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்தது.

கரைசலில் நடப்பதைத் திடப்படலத்தில் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு 1995இல் ஒரு பக்கத்திலிருந்து விடை வந்தது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சிபிங் பெய், ஆலன் ஹீகர் உள்ளிட்டோர் ஒளிரும் பலபடியோடு, அயனிகளைக் கடத்தும் பாலிஎத்திலீன் ஆக்சைடையும் ஒரு லித்தியம் உப்பையும் கலந்து ஒரே படலமாகப் பூசினர். மின்னழுத்தம் தந்தவுடன் நேர் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கியும் எதிர் அயனிகள் நேர்மின்வாயை நோக்கியும் நகர்ந்து, வாயில்களில் குவிந்து, எலக்ட்ரானும் துளையும் நுழைய வழி திறந்தன. கால்சியம் தேவைப்படவில்லை, தங்கமோ அலுமினியமோ போன்ற நிலையான உலோகமே போதுமானதாயிற்று. ஒளியுமிழ் மின்வேதிக் கலம் என்று பெயர் பெற்ற இச்சாதனத்தின் உள்ளே ஒளிரும் பொருள், அயனிக் கடத்தி, உப்பு என மூன்று பொருள்கள் இருந்தன. அவை காலப்போக்கில் எண்ணெயும் நீரும்போலப் பிரிந்து நின்றது அதன் பெருங்குறை.

ருத்தீனியச் சேர்மத்தின் தனிச்சிறப்பு இங்கேதான் வெளிப்பட்டது. அது தானே ஒளிர்கிறது. எலக்ட்ரானையும் துளையையும் தானே கடத்துகிறது. உப்பாகவும் இருப்பதால் நகரும் அயனியையும் தானே கொண்டு வருகிறது. மூன்று பொருள்களின் வேலையை ஒன்றே செய்கிறபோது பிரிந்து போக எதுவும் இல்லை. 1996இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மர்ரே, வைட்மன் ஆகியோரின் குழு ருத்தீனியப் பலபடிப் படலத்திலும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் ரூப்னரின் குழு ருத்தீனியச் சேர்மப் படலத்திலும் திடநிலை ஒளியைப் பெற்றன. 2000இல் பார்டும் காவும், காலியமும் இண்டியமும் சேர்ந்த கலவையை மேல் மின்வாயாக வைத்து, மூன்று வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் பிரகாசமான சிவப்பு ஒளியை எட்டினர். 2002க்குள் ரூப்னரின் குழு, ஈனிகளைத் திருத்தி, வெளிப்படும் ஒளித்துகள்களின் விகிதத்தை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் உயர்த்தியிருந்தது.

இந்தச் சாதனத்தைச் செய்யும் வேலை எளிமையில் வியப்பூட்டுவது. சேர்மத்தை அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் கரைத்து, வடிகட்டி, கழுவி உலர்த்திய கண்ணாடித் தகட்டின் நடுவில் சில துளிகள் விட்டு, தகட்டை நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளாகச் சுழற்றினால், மிகுதி சிதறிப்போய், சுமார் நூறு நானோமீட்டர் தடிப்பில் சீரான படலம் தங்குகிறது. அதைச் சூடாக்கி ஈரத்தை விரட்டி, மேலே தங்கத்தையோ அலுமினியத்தையோ படியவைத்தால் சாதனம் முடிந்தது. கோடாக்கின் வழியில் வளர்ந்த சாதனங்களில் ஐந்தாறு படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெற்றிடத்தில் அடுக்க வேண்டிய இடத்தில் இங்கே ஒரே படலம். ஆனால் மூன்று வோல்ட் மின்கலத்தை இணைத்தால் உடனே ஒளி வருவதில்லை. பெரிய ருத்தீனிய அயனி இருந்த இடத்திலேயே நிற்க, ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் என்னும் எதிர் அயனி மட்டும் ஒவ்வோர் இடமாகத் தாவி நேர்மின்வாயை நோக்கிச் செல்கிறது. அது போய்ச் சேர்ந்து, மறுமுனையில் ஈடு இல்லாத நேர்மின்னூட்டம் எஞ்சிய பிறகே இரு வாயில்களும் திறக்கின்றன. நிமிடங்கள் செல்லும், சில சேர்மங்களில் மணிக்கணக்கும் ஆகும். பிறகு தகட்டின் சிறு சதுரத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பு மெல்லத் தோன்றி வலுக்கிறது.

வாயில்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது பற்றி இரு தரப்புகள் பல ஆண்டுகள் வாதிட்டன. அயனிகள் படலத்தின் விளிம்புப் பகுதிகளை வேதிமுறையில் மாற்றி, குறைகடத்தியில் மாசூட்டுவதைப் போலக் கடத்தும் பகுதிகளாக்கி, நடுவில் ஒரு சந்தியை உருவாக்குகின்றன என்றது ஹீகரின் தரப்பு. அயனிகள் மின்வாயை ஒட்டி இரட்டை அடுக்காகக் குவிந்து, அங்கே மட்டும் மிக வலிய மின்புலத்தை எழுப்பி, நுழைவை எளிதாக்குகின்றன என்றது மற்றத் தரப்பு. 2007இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஸ்லிங்கர், ஜார்ஜ் மல்லியாரஸ் ஆகியோர் ருத்தீனியச் சாதனத்தைப் பக்கவாட்டில் விரித்துச் செய்து, மின்விசை நுண்ணோக்கியால் ஓரிடம் விடாமல் அளந்தபோது, புலம் மின்வாய்களை ஒட்டியே செறிந்திருந்தது. இரண்டாம் தரப்பு வென்றதாகத் தோன்றியது. 2009இல் ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் லுட்விக் எட்மன் குழுவினர் பலபடிக் கலங்களில் அளந்தபோது, புலம் நடுச்சந்தியில் செறிந்திருந்தது. மறு ஆண்டே நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இரண்டையும் இணைத்தனர்: வாயில் தடை போதிய அளவு தாழ்ந்து மின்னூட்டம் தாராளமாக நுழையும் சாதனத்தில் சந்தி உருவாகிறது, நுழைவு தடைப்பட்ட சாதனத்தில் புலம் விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. இரு தரப்பும் பொய் அளக்கவில்லை. வெவ்வேறு நிலைமைகளை அளந்திருந்தனர். இவ்வளவு சிறிய துறையில் இவ்வளவு கூர்மையாக நடந்து, அளவீட்டாலேயே தீர்ந்த விவாதம் பாராட்டுக்குரியது.

இதற்கிடையே பெருவழியில் நிகழ்ந்த ஒரு மாற்றம் அயனி மரபுக்கும் வாழ்வளித்தது. எலக்ட்ரானும் துளையும் சேரும்போது அவற்றின் தற்சுழற்சி பொருந்தும் விதத்தைப் பொறுத்து நான்கில் ஒரு பங்கு ‘ஒற்றைநிலை’ என்றும், மூன்று பங்கு ‘மும்மைநிலை’ என்றும் இருவகைக் கிளர்வுகள் உண்டாகின்றன. சாதாரணக் கரிம மூலக்கூறு ஒற்றைநிலையிலிருந்து மட்டுமே ஒளிவிடும், அது உடனொளிர்வு. மும்மைநிலையில் மாட்டிக்கொண்ட முக்கால் பங்கு வெப்பமாகப் போய்விடும். கனத்த உலோக அணு ஒன்று மூலக்கூறில் இருந்தால், அதன் அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரானின் இயக்கமும் தற்சுழற்சியும் ஒன்றோடொன்று பிணைந்து, மும்மைநிலைக்கும் ஒளிவிடும் வழி திறக்கிறது, இது நின்றொளிர்வு. 1998இல் மார்க் தாம்ப்சன், ஸ்டீபன் ஃபாரஸ்ட் ஆகியோரின் குழுக்கள் பிளாட்டினச் சேர்மத்திலும், மறு ஆண்டில் மூன்று ஃபீனைல்பிரிடின் ஈனிகள் கொண்ட நடுநிலை இரிடியச் சேர்மத்திலும் இதைச் சாதித்துக் காட்டின. 2001க்குள் உள்ளே பிறக்கும் ஒளித்துகள் ஏறத்தாழ எலக்ட்ரானுக்கு ஒன்று என்ற எல்லை எட்டப்பட்டது. ருத்தீனியச் சேர்மமும் கனத்த உலோகத்தையே கொண்டது. அதன் ஒளியும் மும்மைநிலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் ருத்தீனியத்தால் ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றைத் தாண்டிப் போக முடியவில்லை.

இரிடியம் அந்தக் கதவைத் திறந்தது. ஃபீனைல்பிரிடின் ஈனிகள் இரண்டும், நடுநிலையான பைபிரிடின் ஈனி ஒன்றும் இரிடியத்தைப் பற்றினால், மொத்த அணைவு ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாகிறது. இதில் எலக்ட்ரான் வந்து அமரும் இடம் பைபிரிடினில், துளை அமரும் இடம் இரிடியத்திலும் ஃபீனைல் வளையத்திலும். ஆகவே ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மட்டும் திருத்தி நிறத்தை நகர்த்த முடியும். ஃபீனைல் வளையத்தில் ஃபுளோரினைச் சேர்த்தால் துளையின் மட்டம் தாழ்ந்து, இடைவெளி விரிந்து, நிறம் பச்சை, நீலம் பக்கம் செல்லும். 2004இல் கார்னெலில் மல்லியாரஸ் குழுவும் பிரின்ஸ்டனில் ஸ்டெஃபான் பெர்ன்ஹார்டும் இணைந்து, இத்தகைய ஒரு சேர்மத்தின் ஒற்றைப் படலத்திலிருந்து மூன்று வோல்ட்டில் மஞ்சள் ஒளியைப் பெற்றனர். பிரகாசம் சதுர மீட்டருக்கு 300 கேண்டலா, ஒரு வாட்டுக்குக் கிடைத்த ஒளி பத்து லூமன். சாதாரண இழை பல்பும் ஒரு வாட்டுக்கு அந்த அளவையொட்டியே தந்தது என்பதை நினைத்தால், காற்றைத் தாங்கும் மின்வாயோடு ஒரே படலம் அதை எட்டியதன் பெருமை விளங்கும். அடுத்த ஆண்டே பச்சை வந்தது. 2008இல் தைவான் ஆய்வாளர்கள் நீலப் பச்சை ஒளிவிடும் இரிடிய உப்பில் சிவப்பு ஒளிவிடும் இன்னோர் இரிடிய உப்பைச் சிறிதளவு கலந்து வெள்ளை ஒளியைப் பெற்றனர்.

ஆயினும் சாதனங்கள் விரைவில் மடிந்தன. ருத்தீனியச் சாதனம் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மங்குவதன் காரணத்தைப் பார்டின் குழுவும், பின்னர் 2006இல் கார்னெலையும் சிம்மன்ஸ் கல்லூரியையும் சேர்ந்தவர்களும் தேடிக் கண்டனர். கிளர்வுற்ற சேர்மத்தின் பைபிரிடின் கரம் ஒன்று ஒரு கணம் விலகும்போது, படலத்தில் எஞ்சியிருக்கும் நீர் மூலக்கூறு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கெட்ட இரு அணைவுகள் ஓர் ஆக்சிஜன் பாலத்தால் இணைந்து, சுற்றியுள்ள நல்ல மூலக்கூறுகளின் ஆற்றலை உறிஞ்சி இருளாக்கும் சேர்மமாக மாறுகின்றன. மிகச் சிறிய அளவு போதும், படலம் முழுவதும் மங்கிவிடும். நோயை இவ்வளவு நெருக்கமாகக் கண்டபோதுதான் மருந்துக்கும் வழி பிறந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கான்ஸ்டபிள், ஹவுஸ்கிராஃப்ட் ஆகியோரும், ஸ்பெயினின் வலென்சியாவில் ஹென்க் போலிங்கின் குழுவும் 2008இல் ஒரு வழியைக் காட்டினர்: இரிடியச் சேர்மத்தின் பைபிரிடினோடு ஒரு ஃபீனைல் வளையத்தைத் தொங்கவிட்டால், அது மடங்கிப் பக்கத்து ஈனியின் வளையத்தின் மேல் தட்டோடு தட்டாகப் படிந்து, நீர் நுழையும் வழியை மூடிவிடுகிறது. உலோகத்தை மாற்றாமல், ஒரு வளையத்தின் இடத்தை மட்டும் எண்ணி வைத்ததால் ஆயுள் ஆயிரக்கணக்கான மணி நேரமாக நீண்டது. துறையின் வரலாற்றில் மிக நேர்த்தியான வேதியியல் வேலை இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

மெல்லத் துலங்கும் குறைக்கு வந்த மருந்துகள் இன்னும் எளியவை. ஆனால் ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பு, அதாவது அயனித் திரவம், படலத்தில் சிறிது சேர்க்கப்பட்டால் அயனிகள் விரைந்து நகர்ந்து சாதனம் சீக்கிரம் ஒளிர்ந்தது; ஆனால் விரைவில் ஒளிர்ந்தது விரைவில் மங்கவும் செய்தது. டெக்சஸின் டல்லாஸுக்குச் சென்ற ஸ்லிங்கர், தம் குழுவோடு 2013இல் வெளியிட்ட ஆய்வில், லித்தியம் உப்பை மிகச் சிறிய அளவில் சேர்த்துப் பார்த்தார். இதன் பின்னால் உள்ள எண்ணம் தெளிவானது. இரிடிய உப்பில் நகர்வது எதிர் அயனி மட்டுமே. நேர்மின்வாயில் அது நெருக்கமாகக் குவிய, எதிர்மின்வாயிலோ பருத்த இரிடிய அயனிகள் நெருங்கிப் பொதிய முடியாமல் நிற்கின்றன. ஆகவே துளைகள் எளிதாகவும் எலக்ட்ரான்கள் திணறியும் நுழைந்து, சமநிலை குலைகிறது. சிறிய லித்தியம் அயனி எதிர்மின்வாயின் அருகே போய் நெருக்கமாக அமரும்போது எலக்ட்ரானின் வாயிலும் அகலமாகத் திறந்து, பிரகாசம், திறன், ஆயுள் மூன்றும் சேர்ந்து உயர்ந்தன. வலென்சியாக் குழு 2012இல் வேறு முனையிலிருந்து வந்தது: மின்னோட்டத்தைத் தொடர்ந்து விடாமல் துடிப்புத் துடிப்பாக விட்டபோது, ஒளி சில நொடிகளில் வந்தது, மங்குதலும் கட்டுப்பட்டது. அயனியை விரட்டுவதும் விரைவுபடுத்துவதும் தனித்தனியே பயன் தரவில்லை. எந்த அயனி, எந்த வாயிலுக்கு, எந்த அளவு என்று அறிந்து அனுப்புவதே பயன் தந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கைப்பேசித் திரைக்குள் அயனிச் சேர்மங்கள் நுழையவில்லை. பயனியர் நிறுவனம் 1997இல் கார் வானொலியில் வைத்த பச்சைத் திரையும், சோனி 2007இல் விற்ற பதினோரு அங்குலத் தொலைக்காட்சியும், பின்னர் வந்த கைப்பேசிகளும் நடுநிலை மூலக்கூறுகளையே நம்பின. இத்தகைய அணைவு உப்பைச் சூடாக்கினால் அது ஆவியாகும் முன்பே சிதையும். ஆகவே வெற்றிட ஆவியாக்கத்தில் பெரும் முதலைக் கொட்டியிருந்த ஆலைகளுக்கு அது பயன்படாது. அதைவிட, படம் நொடிக்கு அறுபது முறை மாறும் திரையில், அயனி நகர்ந்து வாயில் திறக்கும் வரை காத்திருக்க இடமில்லை. ஆனால் அறைக்கு ஒளி தரும் பலகைக்கு அந்த வேகம் தேவையில்லை. 2006இல் ஸ்லிங்கரும் மல்லியாரஸும் ருத்தீனியச் சாதனங்களைத் தொடராக இணைத்து, 36 வரை ஒரே பலகையில் அடுக்கி, இடையில் எந்த மின்மாற்றியும் இல்லாமல், அமெரிக்க வீட்டுச் சுவரில் உள்ள 120 வோல்ட் மாறுதிசை மின்சாரத்திலேயே நேரடியாக எரியவைத்தனர். தொடரில் ஒரு துண்டு குறுக்குச்சுற்றாகிக் கெட்டாலும் பலகை அணையாமல் நின்றது. அயனி மரபு எந்த இடத்துக்கு உரியது என்பதை அந்தப் பலகை தெளிவாகக் காட்டியது.

உமியோவில் எட்மனின் குழு அதே திசையில் இன்னும் சென்றது. கண்ணாடிக்குப் பதில் வளையும் தாள்களில், திறந்த காற்றுவெளியிலேயே, மையைப் பூசுவதுபோலச் சுருளிலிருந்து சுருளுக்கு ஒளிப்படலத்தைப் பூசும் முறையை 2012இல் காட்டியது; அதன் வழியில் ஒரு நிறுவனமும் அந்நகரில் எழுந்தது. மலிவாகப் பூசக்கூடிய விளக்குக்கு இரிடியம் பொருந்தாது என்ற கவலையும் அதே ஆண்டுகளில் வலுத்தது. தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்கங்களின் துணைவிளைபொருளாக ஆண்டுக்குச் சில டன்கள் மட்டுமே கிடைக்கும் உலோகம் அது. எனவே ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட செம்பு அயனியை, பாஸ்பரஸ் வழியாகப் பற்றும் பெரிய ஈனி ஒன்றும் நைட்ரஜன் வழியாகப் பற்றும் ஈனி ஒன்றும் சூழ்ந்த சேர்மங்களை ஆய்வாளர்கள் நாடினர். செம்பு ஏராளமாகக் கிடைக்கிறது, பச்சையும் மஞ்சளும் தருகிறது. ஆனால் கிளர்வுற்ற நிலையில் செம்பைச் சுற்றியுள்ள ஈனிகள் தட்டையாகப் படிய முயல்வதால் ஆற்றல் வீணாகிறது, அதைத் தடுக்கப் பருத்த கிளைகளை ஈனியில் பொருத்த வேண்டியிருக்கிறது. அப்படியும் இரிடியத்தின் ஆயுளைச் செம்பு இன்னும் எட்டவில்லை.

நீல நிறத்தில் மட்டும் அயனி மரபும் நடுநிலை மரபும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. நீல ஒளிக்குத் தேவையான உயர்ந்த ஆற்றலில் கிளர்வுற்ற இரிடியச் சேர்மம், உலோகத்துக்கும் ஈனிக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்தும் மட்டத்துக்கு மிக அருகில் வந்துவிடுவதால், ஒளிவிடுவதற்குப் பதிலாகச் சில மூலக்கூறுகள் கரத்தை இழந்து சிதைகின்றன. படலத்தில் அயனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சிதைவு ஒன்றே. கைப்பேசித் திரைகளில் சிவப்பும் பச்சையும் இரிடியத்தின் நின்றொளிர்விலிருந்து வர, நீலம் பெரும்பாலும் இன்றுவரை, முக்கால் பங்கு ஆற்றலை ஒளியாக்கத் தெரியாத உடனொளிர்வு மூலக்கூறுகளிடமிருந்தோ, மும்மைநிலைகள் இரண்டிரண்டாக மோதி அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும் மூலக்கூறுகளிடமிருந்தோதான் பெறப்படுகிறது.